போர்க்களத்துக் கூற்று: இரு காணொளி விளையாட்டுகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கலைகள் காலந்தோறும் புதிய வடிவம் கொள்ளும் இயல்பின. ஏட்டில் எழுதப்பெற்றும், மேடையில் நடிக்கப்பெற்றும், திரையில் காட்டப்பெற்றும் வந்த கதை, இன்று காண்போர் தம் கையாலேயே நடத்திச் செல்லும் காணொளி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. புதுவதாகப் புனையப்படும் யாப்பினை 'விருந்து' எனப் பெயரிட்டுச் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக வைத்துப் போற்றியவர் தொல்காப்பியர். ஆதலின், புதியது என்னும் காரணம் ஒன்று பற்றியே ஒரு கலைவடிவைத் திறனாய்வுக்குப் புறம்பென ஒதுக்குதல் தமிழ் மரபாகாது.

காணொளி விளையாட்டுகளுள் வீரச்செயலும் வழிதேடலும் கலந்து கதையாக விரியும் வகை ஒன்று உண்டு. அதில் ஆடுநர் ஒரு தலைமகனையோ தலைமகளையோ இயக்கிக்கொண்டு நெடுவழி செல்வர். இடையிடையே பகைவரொடு பொருவர். இறுதியில் கதையின் முடிவை அடைவர். இவ்வகைக்கு இன்றியமையாத கலைத்திறன்கள் இரண்டு. படைக்கலத்தின் வீச்சு, பகைவரின் நகர்வு, அடிக்கும் தடுக்கும் காலஅளவு ஆகியவற்றை வகுப்பது போர் அமைப்பு. கதைமாந்தர்க்கு உயிர்ப்பு நல்குவது குரல் நடிப்பு. இவ்விரண்டனையும் மதிப்பிடுவோர் பெரும்பாலும் தனித்தனியே வைத்து மதிப்பிடுகின்றனர். 'போர் விறுவிறுப்பானது' என்று ஒரு பத்தியும், 'நடிப்பு உருக்கமானது' என்று மற்றொரு பத்தியும் எழுதி அமைகின்றனர். முன்னது கைக்கு விருந்து, பின்னது நெஞ்சுக்கு விருந்து என்பது அன்னோர் கருத்துப் போலும்.

இப்பகுப்பு சிறந்த படைப்புகளுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. போர் நிகழும்போது காதில் விழும் குரல் போரின் ஓர் உறுப்பே ஆகலாம். அங்ஙனம் ஆகும்போது, அக்குரலை ஆடுநர் எவ்வளவு நம்புகின்றனர் என்பதே கதையின் உட்பொருளாகவும் விளங்கக்கூடும். இதனைக் காட்டுதற்கு நிஞ்சா தியரி நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்', சாண்டா மோனிக்கா ஸ்டூடியோவினர் 2018-இல் வெளியிட்ட 'காட் ஆஃப் வார்' என்னும் இரு படைப்புகளை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இரண்டும் வடபுல நார்ஸ் தொன்மங்களை நிலைக்களனாக உடையன. இரண்டிலும் இறந்தோர் உலகமாகிய ஹெல்ஹைம் இடம்பெறுகின்றது. எனவே ஒப்புநோக்குதற்கு மிக ஏற்றன.

கூற்றும் கேட்போரும்

செய்யுளுக்கு உறுப்பு 34 எனத் தொகுத்த தொல்காப்பியர், எழுத்து, அசை, சீர் முதலியவற்றோடு நில்லாது, கூற்று, கேட்போர், களன், பயன், மெய்ப்பாடு முதலியவற்றையும் அவற்றுள் வைத்து எண்ணினார். ஒரு கூற்றின் பொருள் அதன் சொல்லளவில் முடிந்துவிடுவதன்று. சொல்வார் யார், கேட்பார் யார், எக்களத்தில் எப்பயன் கருதிச் சொல்லப்பட்டது என்பனவும் சேர்ந்தே பொருளை முற்றுவிக்கின்றன. அகப்பாடல் பயில்வோர் இதனை நன்கு அறிவர். கூற்று இன்னாருடையது என்னும் குறிப்பு மாறின், பாடலின் பொருளே மாறிவிடும்.

'பின்னால் பார்' என்னும் சிறு தொடரை எடுத்துக்கொள்வோம். தன்மேல் அன்புடைய மகன் கூறின் அது காவல். பகைவன் கூறின் சூழ்ச்சி. தன் நெஞ்சே தனக்குக் கூறின் அஃது அச்சம். சொல் ஒன்று, பொருள் மூன்று. இத்தொடரின் பொருளே இவ்விரு விளையாட்டுகளிலும் நூற்றுக்கணக்கான முறை ஒலிக்கின்றது. எனவே கூற்று என்னும் பழைய அளவுகோலே இப்புதிய கலையை அளத்தற்கும் துணைசெய்யும்.

முதுகுப்புறத்து இருள்

குரல் போருக்குள் புகுந்தமைக்குக் காரணம் கேமராவின் இடமாற்றமே. 'காட் ஆஃப் வார்' வரிசையின் முதல் படைப்பு 2005-இல் வெளிவந்தது. கிரேக்கத் தொன்மங்களைச் சார்ந்த அப்படைப்பில், படைப்போர் தாமே வகுத்த இடங்களில் கேமரா தொலைவில் நின்றது. தலைவன் கிராட்டோஸ் களத்தின் நடுவே சிற்றுருவாகத் தோன்றுவான். சூழ்ந்து வரும் பகைவர் அனைவரும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாவர். கண்ணே எல்லாவற்றையும் கண்டுகொள்ளும்போது காதுக்கு வேலையில்லை. அக்காலத்துக் கிராட்டோஸுக்குக் குரல் கொடுத்த டி.சி. கார்சனின் நடிப்பு சீற்றத்தின் வடிவமாக விளங்கியது. எனினும் அக்குரல் போரை அணிசெய்ததே அன்றி, ஆடுநர்க்கு வழிகாட்டியதில்லை.

2018-இல் கோரி பார்லாக் இயக்கத்தில் வெளிவந்த படைப்பிலோ, கேமரா கிராட்டோஸின் தோளுக்குப் பின்னே நெருங்கி வந்து நின்றுவிட்டது. தொடக்கம் முதல் இறுதி வரை இடையில் வெட்டின்றி ஒரே காட்சியாக அது தொடர்கின்றது. நெருக்கத்தால் விளைந்த பயன் பெரிது. தலைவனின் முகச்சுருக்கமும், தோளின் தளர்ச்சியும், கோடரியின் கனமும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் இழப்பும் ஒன்று உண்டு, முதுகுப்புறம் இருண்டுவிட்டது. முன்னர்த் தெரிந்த களத்தில் ஒரு பாதியை இப்போது காணல் இயலாது. கண் இழந்ததைக் காது ஈடுசெய்தாதல் வேண்டும். இத்தேவையிலிருந்தே மகன் அட்ரியஸின் குரல் போருக்குள் நுழைகின்றது. 'ஹெல்பிளேட்' படைப்பிலும் கேமரா செனுவாவின் முதுகை ஒட்டியே செல்கின்றது. அங்கும் இதே இருள், இதே தேவை.

ஒரு தொழில்நுட்ப இடர்ப்பாட்டை இரு படைப்பாளரும் ஒரே கருவியால் தீர்த்தனர். ஆனால் அக்கருவியை இருவேறு கூற்றாக ஆக்கினர். வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது.

தந்தை விளியும் மகன் கூற்றும்

'காட் ஆஃப் வார்' கதை எளியது. மனைவியை இழந்த கிராட்டோஸ், அவளது சாம்பலை மிக உயர்ந்த சிகரத்திலிருந்து தூவுதற்காக மகனுடன் புறப்படுகின்றான். மகனைத் தந்தை அறிந்தானல்லன். தந்தையை மகன் அஞ்சுகின்றான். கிராட்டோஸுக்குக் குரல் தந்தவர் கிறிஸ்டோபர் ஜட்ஜ். அட்ரியஸுக்குக் குரல் தந்தவர் சன்னி சுல்ஜிக் என்னும் இளம் நடிகர். குரலொடு உடலசைவும் ஒருங்கே பதிவு செய்யப்பெற்றமையால், பேச்சும் மெய்ப்பாடும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் அமைந்துள்ளன.

தொடக்கத்தில் வரும் மான் வேட்டையை நோக்குக. தந்தை ஏவுமுன் மகன் அம்பெய்து, மானைத் தவறவிடுகின்றான். சினந்த தந்தை வில்லைப் பறித்துக்கொள்கின்றான். தான் சொல்லும்போது மட்டுமே எய்தல் வேண்டும் என விதிக்கின்றான். இஃது ஒரு கதை நிகழ்ச்சி. ஆனால் இதுவே போரின் விதியாகவும் உடனே மாறிவிடுகின்றது. ஆடுநர் ஒரு பொத்தானை அழுத்தும்போதுதான் அட்ரியஸ் அவர் குறித்த பகைவன்மேல் அம்பு தொடுக்கின்றான். தந்தையின் கண்டிப்பை ஆடுநர் கேட்டறிவதோடு அமையாமல், தம் விரலாலேயே செயற்படுத்துகின்றனர். கதைக்கும் களத்துக்கும் இடையே இங்குச் சுவர் இல்லை.

ஜட்ஜின் நடிப்பில் ஆய்ந்து போற்றத்தக்கது விளியே. மகனின் பெயரைப் பெரும்பாலும் சொல்லாமல் 'சிறுவா' என்னும் பொருள்படும் ஒற்றைச் சொல்லாலேயே கிராட்டோஸ் அவனை அழைக்கின்றான். முதற்பகுதியில் அச்சொல் ஏவலாகவும் தடையாகவும் ஒலிக்கின்றது. இடையில் எச்சரிக்கையாகின்றது. மகன் நோயுற்று வீழும்போது அதே சொல்லில் நடுக்கம் தோன்றுகின்றது. ஒரு விளி அண்மையிலும் சேய்மையிலும் வேறுபட்டு இசைக்கும் என நம் இலக்கணம் கூறும். இங்கு வேறுபடுவது இடத்தின் சேய்மையன்று, நெஞ்சின் சேய்மை. சொல்லை மாற்றாமல் உறவின் வளர்ச்சியைக் காட்டுதல் எளிய கலையன்று.

மகன் கூற்றோ வேறு திறத்தது. போரில் பின்னிருந்து வரும் பகைவனைக் கண்டு அவன் கூவுகின்றான். வீழ்ந்த தந்தைக்காகப் பதறுகின்றான். சுல்ஜிக்கின் குரலில் தொடக்கத்தில் தந்தையின் மெச்சுதலை விரும்பும் ஏக்கம் தெரிகின்றது. தான் கடவுள் குலத்தவன் என்று அறிந்தபின் அக்குரலில் செருக்கு ஏறுகின்றது. தந்தை தடுத்தும் கேளாமல், வீழ்ந்து கிடந்த மோடி என்பவனைக் கத்தியால் குத்திக் கொல்கின்றான். பின்னர் பால்டரை எதிர்கொள்ளும் இடத்தில், தடுக்கும் தந்தையின்மேலேயே மின்னம்பு ஒன்றை எய்கின்றான். ஏவினாலன்றி எய்யாத வில், ஏவியவனையே நோக்கித் திரும்பும் அக்கணத்தின் வன்மையை, அதுகாறும் அவ்வில்லைத் தம் விரலால் ஏவி வந்த ஆடுநரே முழுதும் உணர்வர். கதையை மட்டும் பிறர் வாயிலாகக் கேட்போர்க்கு அவ்வுணர்ச்சி கிட்டாது.

மகன் நோயுற்றுக் கிடக்கும் பகுதியில் களம் வேறாகின்றது. பொத்தான் கையருகே உள்ளது. ஆனால் அம்பு வருவதில்லை. பின்னிருந்து எச்சரிக்கும் அப்பிஞ்சுக் குரலும் இல்லை. கிராட்டோஸ் தன் துயரை வாய்விட்டுப் புலம்பும் இயல்பினன் அல்லன். அவனது புலம்பலை அவ்வின்மையே செய்துவிடுகின்றது.

நெஞ்சின் கூற்று

'ஹெல்பிளேட்' தலைவி செனுவா பிக்ட் இனத்தைச் சார்ந்த வீரமகள். வடபுலத்தாரால் கொலையுண்ட தன் காதலன் டில்லியனின் உயிரை மீட்டற்பொருட்டு, அவனது தலையை இடையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஹெல்ஹைம் நோக்கிச் செல்கின்றாள். அவள் உள்ளம் பிறழ்ந்தவள். இல்லாத குரல்களை இடைவிடாது கேட்பவள். இப்பிறழ்வைப் பொய்யின்றிக் காட்டுதற்காகக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக உளநோய் மருத்துவப் பேராசிரியர் பால் பிளெட்சர் போன்ற அறிஞர்களையும், இத்துன்பத்தைத் தாமே பட்டறிந்தோரையும் படைப்பாளர் கலந்தாய்ந்தனர்.

செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் நடிகையல்லர். அந்நிறுவனத்தில் காணொளித் தொகுப்பாளராகப் பணியாற்றியவர். பதிவுக் கருவிகளைச் சோதித்தற்கு இடையாளாக நின்றவரே பின்னர்த் தலைவியானார். 2018-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா இப்படைப்புக்கு வழங்கிய ஐந்து விருதுகளுள் அவரது நடிப்புக்கு உரியதும் ஒன்று. ஒலிக்கலைக்கு உரியது மற்றொன்று.

குரல்கள் பதிவு செய்யப்பெற்ற முறை குறிப்பிடத்தக்கது. மனிதத் தலைபோல் அமைந்து, இரு காதிடத்தும் ஒலிவாங்கி பொருந்திய கருவியைச் சுற்றி நடந்தும் நெருங்கியும் விலகியும் நடிகையர் பேசினர். ஆதலின் ஹெட்போன் அணிந்து கேட்போர்க்குக் குரல் இடச்செவியில் முணுமுணுக்கின்றது, பிடரியில் சிரிக்கின்றது, வலச்செவிக்கு ஓடிவந்து ஏசுகின்றது. ஒலிக்கு இடமும் தொலைவும் உண்டாகிவிட்டன.

போர்க்களத்தில் இதன் பயன் வெளிப்படுகின்றது. செனுவாவின் வலிமை எவ்வளவு எஞ்சியுள்ளது எனக் காட்டும் கோடோ எண்ணோ குறியோ திரையில் இல்லை. வாளை வீசும் முறையைக் கற்பிக்கும் பாடமும் இல்லை. பின்னிருந்து வாள் பாயும்போது அறிவிப்பது அக்குரல்களே. அவள் சோர்ந்தாள் என்பதையும், வீழ்ந்தவள் எழல் வேண்டும் என்பதையும் அவையே சொல்கின்றன. அவளை 'நீ தோற்பாய்' என்று எள்ளும் குரல்களும் இவையே. நோயாக வந்து வருத்தும் ஒன்றே காவலாகவும் நிற்கின்றது.

'நெஞ்சொடு கிளத்தல்' என்பது நம் அகமரபில் பயின்ற ஒன்று; திருக்குறளில் அப்பெயரிய அதிகாரமும் உண்டு. அங்குத் தலைவி தன் நெஞ்சை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றாள், நெஞ்சம் கேட்கின்றது. செனுவாவின் கதையில் இம்முறை தலைகீழாகின்றது. நெஞ்சம் பலவாய்ப் பிளந்து பேசுகின்றது, தலைவி கேட்போளாகின்றாள். கூற்றுக்கு உரியவள் கேட்போர் இடத்துக்குத் தள்ளப்படுதலே அவளது அவலம். தொடக்கத்திலேயே கதைசொல்லும் குரல் ஆடுநரையும் வரவேற்று, அவளைச் சூழும் கூட்டத்தில் ஒருவராக்கிவிடுகின்றது. ஆகவே ஆடுநர் அவளுடன் இருந்து கேட்பவரும் ஆகின்றனர். அவள் உள்ளத்தே புகுந்து உற்றுநோக்கும் அயலாரும் ஆகின்றனர். இவ்விரட்டை நிலை ஏட்டிலக்கியத்திலும் எளிதில் எய்தற்கு அரியது.

நம்பிக்கை என்னும் சிக்கல்

இடையில் தலை ஒன்றைச் சுமத்தல் இரு படைப்புக்கும் பொது. கிராட்டோஸ் தன் இடைவாரில் மிமிர் என்னும் அறிஞனின் தலையைத் தொங்கவிட்டுச் செல்கின்றான். அத்தலை பேசுகின்றது, கதை சொல்கின்றது, அறிவுரை தருகின்றது. செனுவா சுமக்கும் தலையோ பேசுவதில்லை.  இவ்வொப்புமை தற்செயலே ஆயினும், இரு கதைகளின் இயல்பையும் சுருங்க விளக்கவல்லது. முன்னதில் குரல்கள் புறத்தார் குரல்கள், ஐயுறத் தேவையில்லாதன. பின்னதில் அகத்துக் குரல்கள்; நம்பவும் இயலாது, நம்பாதிருக்கவும் இயலாது.

அட்ரியஸின் எச்சரிக்கையை ஆடுநர் தயக்கமின்றி ஏற்பர். அவன் தந்தையைப் பகைத்த பின்னரும் முதுகைக் காக்கும் சொல்லில் பொய் வைப்பதில்லை. அன்றியும், பகைவர் வரும் திசையைக் காட்டும் சிறு குறிகள் கிராட்டோஸைச் சுற்றித் திரையிலேயே தோன்றுகின்றன. கண்ணும் அறிந்துகொள்ளும் ஒன்றைக் காதுக்கும் சொல்லும்போது குரலின் இன்றியமையாமை குறைகின்றது. மகன் குரல் இல்லாவிடினும் ஆடுநர் பிழைத்துக்கொள்ளலாம் என்னும் நிலை, அக்குரல்மேல் கொள்ளும் பற்றை ஒருவாறு தளர்த்திவிடுகின்றது. இதனைக் 'காட் ஆஃப் வார்' போர் அமைப்பின் குறையெனவே கூறல் வேண்டும்.

செனுவாவின் நிலை இதனின் வேறு. தோல்விதோறும் அவள் கையில் ஏறும் கருமை தலையை எட்டுமாயின், அதுகாறும் ஆடியதெல்லாம் அழிந்துபோம் எனத் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றுகின்றது. விளையாட்டு வெளிவந்த சில நாட்களுள் அது வெறும் அச்சுறுத்தலே என்பதை ஆடினோர் கண்டறிந்தனர். 'இது வஞ்சனை' என வெகுண்டோர் உளர். அவ்வெகுளியில் ஒரு நியாயம் உண்டு. படைப்பாளர்க்கும் ஆடுநர்க்கும் இடையிலான உடன்படிக்கையில் விதியைப் பொய்யாகச் சொல்லுதல் பெரும்பிழையே. ஆயினும் கூற்று நோக்கில் பார்ப்பின், அவ்வெச்சரிக்கையும் செனுவாவைச் சூழ்ந்த குரல்களுள் ஒன்றே எனலாம். அழிவு வரும் வரும் என அஞ்சுவித்து, வாராத அழிவால் அவளை வாட்டுவதே அந்நோயின் தொழில். அவள் அஞ்சியதை ஆடுநரும் சில மணி நேரம் மெய்யாகவே அஞ்சினர். இவ்வச்சத்தைப் பொய்யின்றி உண்டாக்கும் வழி வேறு இருந்ததாகத் தோன்றவில்லை.

இங்கு வேறொரு தடையும் எழும். மெய்யாகவே குரல்கேட்டு வருந்துவோர் பலர் உளராக, அத்துன்பத்தைப் பகைவர் வரவை அறிவிக்கும் கருவியாக்குதல் அறமாகுமோ என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. குரல்கள் எப்போதும் மெய்யே கூறிக் காத்திருப்பின், நோய் ஓர் அரும்பேறாகத் திரிந்திருக்கும். அது பெரும் பொய். இப்படைப்பில் அக்குரல்கள் காக்கும் மொழியை விட வருத்தும் மொழியே மிகுதி. போர் முடிந்த அமைதியிலும் அவை அடங்குவதில்லை. வேண்டும்போது பெற்று வேண்டாதபோது விலக்கும் கருவியாக அவை அமையவில்லை. ஆகவே தடைக்கு விடை படைப்பிலேயே உள்ளது என்பது எம் கருத்து. ஆயினும் இதனைப் பின்பற்றி எழுவோர் இவ்வெல்லையை மறத்தலாகாது.

இறுதிப் போர்

இவ்வாராய்ச்சியின் முடிபை வலியுறுத்துவது 'ஹெல்பிளேட்' கதையின் இறுதிப் போர். ஹெலா என்னும் தெய்வத்தின் முன் செனுவா நிற்கின்றாள். பகைவர் அலையலையாய் எழுகின்றனர். ஒருவர் வீழ இருவர் தோன்றுகின்றனர். அதுகாறும் கற்ற திறமையனைத்தையும் கொண்டு ஆடுநர் பொருகின்றனர். ஆனால் அப்போருக்கு வெற்றி வகுக்கப்படவில்லை. எத்துணைத் திறமையாகப் பொருதாலும் பகைவர் வந்துகொண்டே இருப்பர்; செனுவா வீழ்ந்தால்தான் கதை மேற்செல்லும்.

ஆடுநர் சிலர் இதனை விரைவில் உணர்ந்து கையைத் தளர்த்துவர். சிலர் நெடுநேரம் பொருது சோர்ந்து வீழ்வர். பொருதுகொண்டே இருத்தல் என்பது டில்லியனின் இறப்பை ஏற்க மறுத்தலே; வாளைத் தாழ்த்தல் என்பது இறந்தோன் மீளான் என உணர்தலே. துயரை ஏற்றல் என்னும் அகநிகழ்ச்சி, கையைத் தளர்த்தல் என்னும் புறச்செயலாகவே இங்கு அமைக்கப்பட்டுள்ளது. வேறு எந்தக் கலையும் இதனைச் சொல்லலாம். காண்போர் கையாலேயே செய்வித்தல் இக்கலைக்கே உரியது. வெற்றியைத் தேடி ஆடும் ஆட்டத்தில், தோல்வியை விரும்பி ஏற்கும் ஒரு கணத்தை முடிவாக வைத்தது துணிவான செயல்.

முடிவில் அவள் அத்தலையை ஆழத்தில் விட்டுவிடுகின்றாள். குரல்கள் முற்றும் அகன்றுவிடவில்லை. ஆயினும் அவள் இப்போது அவற்றைக் கேட்கும் ஏவலாட்டி அல்லள். தன்னைத் தொடர்ந்து வருமாறு ஆடுநரை நோக்கி அவளே அழைக்கின்றாள். கேட்போளாய்த் தள்ளப்பட்டவள் கூற்றுக்கு உரியவளாக மீள்கின்றாள். நோய் தீர்ந்ததாகக் காட்டாமல், நோயொடு வாழும் ஆற்றல் பிறந்ததாகக் காட்டியது இப்படைப்பின் வாய்மை.

பின்வந்தவை

மேற்கூறிய துணிபைப் பின்வந்த இரு படைப்புகளின் வாயிலாகச் சோதித்தறியலாம். 2022-இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார்: ரேக்னராக்' படைப்பில் கிறிஸ்டோபர் ஜட்ஜின் நடிப்பு மேலும் கனிந்தது, பாஃப்டா தலைமை நடிப்பு விருது 2023-இல் அவர்க்கே கிடைத்தது. எனினும் அதில் உடன்செல்வோர், வழிப்புதிர்களுக்கு ஆடுநர் எண்ணிப் பார்க்குமுன்னரே விடை கூறிவிடுகின்றனர் எனப் பலரும் குறைகூறினர். இக்குறை பேச்சின் மிகுதியால் விளைந்தது என்பர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. கூற்று கதைமாந்தரிடமிருந்து நழுவி, படைப்பாளரிடம் சென்றுவிட்டமையே காரணம். மகன் தந்தைக்குச் சொல்வதாக அது கேட்கவில்லை. விளையாட்டைச் செய்தவர் ஆடுநர்க்குச் சொல்வதாகக் கேட்கின்றது. நடிப்பு எத்துணைச் சிறந்ததாயினும், கூற்றுக்கு உரியவர் மாறியபின் அதனைக் காத்தல் அரிது.

2024-இல் வெளிவந்த 'செனுவாஸ் சாகா: ஹெல்பிளேட் 2' பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் நிகழ்வது. காட்சியின் மெய்ம்மையிலும் ஒலியின் நுண்மையிலும் முன்னதை விஞ்சியது. ஆனால் அதில் போர் ஒருவரோடு ஒருவர் பொரும் தனிப்போராக மாறியது. எதிரே ஒருவனே நிற்றலின் முதுகுப்புறத்து இருளுக்கு அச்சம் இல்லை. எனவே குரல்களுக்குக் காவற்பணியும் இல்லை. அவை முன்போலவே முணுமுணுக்கின்றன, அஞ்சுவிக்கின்றன, ஊக்குகின்றன. ஆயினும் அவற்றைக் கேளாதிருந்தாலும் ஆடுநர் பொருது வெல்லலாம். நோயையே நம்பி உயிர்வாழ வேண்டிய அப்பழைய இடுக்கண், இங்கு வருணனையாக மாறிவிட்டது. குரல் நடிப்பு குன்றவில்லை. போர் அமைப்பு மாறியது. அம்மாற்றமே குரலின் பொருளைக் குறைத்தது. இரண்டும் தனித்தனி அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கேமரா நெருங்கியதால் உண்டான முதுகுப்புறத்து இருளே குரலைப் போரின் உறுப்பாக்கியது என்பது ஒன்று. ஒரே எச்சரிக்கைச் சொல், மகன் கூற்றாகும்போது உறவின் வளர்ச்சியையும், நெஞ்சின் கூற்றாகும்போது உள்ளத்தின் பிளவையும் உணர்த்துகின்றது என்பது இரண்டு. அக்குரலை நம்பியே ஆடுநர் பிழைக்க வேண்டிய நிலை இருக்கும்வரைதான் அதன் பொருள் முழுமையாக நிலைபெறும் என்பது மூன்று.

இவ்வகைப் படைப்புகளை ஆராய்வோர், குரல் இனிதா, வாள்வீச்சு விரைவா என வினவுவதோடு அமைதல் போதாது. களத்தில் பேசுவது யார், கேட்பது யார், அச்சொல்லை நம்பினால் விளைவது என்ன, நம்பாவிடின் விளைவது என்ன என்றும் வினவுதல் வேண்டும். பனையோலையில் பாட்டெழுதிய காலத்து வகுத்த கூற்றும் கேட்போரும் என்னும் உறுப்புகள், மின்திரையில் கதை நடக்கும் இக்காலத்தும் அவ்வினாக்களை எழுப்பத் துணைநிற்கின்றன. பழைய அளவுகோலால் புதிய பொருளை அளக்கும்போது பொருளின் இயல்பு விளங்குவதோடு, அளவுகோலின் வலிமையும் நமக்கு மீண்டும் புலனாகின்றது.